மூன்றாவது கண் திறக்குமா? பினியல் சுரப்பி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்தவர்களுக்கு இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொஞ்ச நாளாக அவர்களிடமிருந்து வரும் போன்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியது. பினியல் சுரப்பியைத் தூண்டி மூன்றாவது கண்ணைத் திறக்கிறோம், பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே புத்தகம் படிக்கும் என்று ஒரு வகுப்பு. அதே சுரப்பிக்காக ஏற்காட்டில் பெரியவர்களுக்கு இரண்டு நாள் முகாம். ஃபுளோரைடு பேஸ்ட் அந்தச் சுரப்பியைக் கல்லாக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டவை.

பினியல் சுரப்பி என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா சார்?

இருக்கிறது. எல்லார் தலைக்குள்ளும் ஒன்று உண்டு. நெல்மணி அளவுதான்; எடை 0.1 முதல் 0.2 கிராம் வரை. பைன் மரத்துக் காயைப் போலக் கூம்பாக இருப்பதால் அந்தப் பெயர். தமிழில் கூம்புச் சுரப்பி என்றும் எழுதுவார்கள்.

வீடியோக்களில் இரண்டு புருவத்துக்கும் நடுவில், தோலுக்கு அடியிலேயே அது ஒளிர்வதுபோலக் காட்டுகிறார்கள். அங்கே அது இல்லை. மூளையின் நடுவில், இரண்டு அரைக்கோளங்களுக்கும் அடியில், சற்றுப் பின்தள்ளி ஒளிந்திருக்கிறது. புருவ நடுவில் விரலால் தட்டினால் எலும்பில்தான் தட்டுகிறோம்.

அது என்ன வேலை செய்கிறது?

இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்கிறது. மெலடோனின் என்ற ஹார்மோனை இருட்டில் சுரக்கிறது, வெளிச்சத்தில் நிறுத்திக்கொள்கிறது. இந்த ஹார்மோனை 1958இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஏரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர். அவர் தேடிப் போனது வெண்புள்ளிக்கு மருந்து. ஏராளமான மாட்டுச் சுரப்பிகளைச் சேகரித்துப் பிரித்தெடுத்த பொருள், தவளைத் தோலின் நிறத்தை வெளுக்க வைத்தது. அதிலிருந்துதான் அதன் பெயரே வந்தது.

வெளிச்சம் பட்ட செய்தி அந்தச் சுரப்பிக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கே வியப்பாக இருக்கும். நம் இரண்டு கண்களின் விழித்திரையில், உருவத்தைப் பார்ப்பதற்காக அல்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை மூளையின் அடிப்பகுதியில் உள்ள கடிகார மையத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து அது தண்டுவடம் வழியாக நெஞ்சு உயரம் வரை கீழே இறங்கி, கழுத்தில் உள்ள ஒரு நரம்பு முடிச்சுக்கு ஏறி, அங்கிருந்து மறுபடி தலைக்குள் போய்ப் பினியலைத் தொடுகிறது. இவ்வளவு சுற்று. நெற்றி வழியாக உள்ளே போகும் குறுக்குப் பாதை எதுவும் கிடையாது. மனிதனின் பினியல் செல்லுக்குத் தானாக வெளிச்சத்தை உணரும் திறன் இல்லை. அதற்கு வரும் தகவல் முழுவதும் நாம் அறிந்த இந்த இரண்டு கண்கள் கொடுப்பதுதான்.

என் மகள் கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்கிறாள், நோட்டு நம்பரைக்கூடப் படிக்கிறாள். நானே என் கண்ணால் பார்த்தேன். அது பொய்யா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. எனக்கு அதிகம் வலிக்கும் கேள்வியும் இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஒரு கைக்குட்டையை எடுத்து உங்கள் கண்ணை நீங்களே இறுக்கிக் கட்டிப் பாருங்கள். முன்னால் எதுவும் தெரியாது. ஆனால் மூக்கின் இரண்டு பக்கமும், மூக்கு மேட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் ஒரு சிறு சந்து விழும். அதன் வழியே கீழ்நோக்கிப் பார்த்தால் உங்கள் கையில் இருப்பது தெரியும். எவ்வளவு இறுக்கினாலும் அந்தச் சந்து முழுக்க அடைவதில்லை. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடிப்பதில்லை. மார்புக்குக் கீழே, மடியில், கொஞ்சம் ஓரமாகப் பிடிக்கிறார்கள். தலையை லேசாக நிமிர்த்துகிறார்கள். அட்டையை முகர்ந்து பார்ப்பதுபோல மூக்கருகே கொண்டு போகிறார்கள். அடுத்த முறை உங்கள் மகளின் கைகளைப் பார்க்காமல் முகவாயைப் பாருங்கள்.

நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் மிட்பிரைன் ஆக்டிவேஷன் என்ற பெயரில் நடக்கும் இதே மாதிரி வகுப்புகளைப் பல ஊர்களில் அம்பலப்படுத்தியது இந்த வகையில்தான். மூக்கோரத்து இடைவெளியை அடைத்துவிட்டால் வித்தை நின்றுவிடும்.

வீட்டில் செய்து பார்க்க அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. கட்டே வேண்டாம். இரவில் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, நம் கண்ணுக்கே நம் கை தெரியாத இருட்டில் பிள்ளையிடம் ஒரு சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கண் இல்லாமல் பார்க்கும் ஒருவருக்கு விளக்கு எதற்கு? இருட்டில் படிக்க முடியவில்லை, வெளிச்சத்தில் மட்டும் முடிகிறது என்றால், படிப்பது பழைய இரண்டு கண்கள்தான்.

சரி, பிள்ளை பொய் சொல்கிறதா? அப்படி ஒரு சொல்லை அதன் மேல் போடாதீர்கள். முதல் நாள் அதற்கு ஒன்றும் தெரிவதில்லை. பக்கத்தில் உள்ள பிள்ளை "சிவப்பு" என்று சொல்கிறது, எல்லாரும் கை தட்டுகிறார்கள். தனக்கும் சந்து வழியாகக் கொஞ்சம் தெரிகிறது. சொல்கிறது. ஆசிரியர் "திறந்துவிட்டது" என்கிறார். பணம் கட்டிய அப்பாவும் அம்மாவும் பூரித்துப் போகிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை அந்த இடத்தில் எழுந்து நின்று "எனக்கு மூக்கோரம் தெரியுதுங்க" என்று எப்படிச் சொல்லும்? ஒரு மாணவி, இப்போது கல்லூரியில் படிப்பவள், சிறு வயதில் இப்படி ஒரு வகுப்புக்குப் போனதை என்னிடம் சொல்லி அழுதாள். தன்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் நிஜமாகவே கண் திறந்துவிட்டது, தான் மட்டும்தான் ஏமாற்றுகிறேன் என்று பல வருடம் நினைத்திருக்கிறாள். அந்த வகுப்பில் இருந்த இருபது பேரும் தனித்தனியே அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று சொன்னபோதுதான் அவள் முகம் தெளிந்தது.

ஆகவே, பரிசோதித்துப் பார்த்து உண்மை தெரிந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். "தெரியவில்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வராது" என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள். பதில் தானாக வரும்.

ஏற்காடு முகாமுக்குப் போய் வந்தேன். கண்ணை மூடினால் ஊதா வெளிச்சம் தெரிந்தது, உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது கற்பனை இல்லையே?

கற்பனை இல்லை. நீங்கள் அனுபவித்தது நடந்ததுதான். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு.

இந்த முகாம்களில் வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், கண்ணில் பூச்சி பறக்கும். மூடிய கண்ணில் நிறங்கள் தெரிவதற்கு மூச்சுப் பயிற்சிகூடத் தேவையில்லை. இமையை லேசாக அழுத்தினாலே விழித்திரையும் பார்வை நரம்புகளும் அந்த வெளிச்சத்தைத் தாமாக உண்டாக்கும்.

ஒரு எச்சரிக்கை: வலிப்பு வரும் பிள்ளைகளை இந்த மூச்சுப் பயிற்சிக்கு விடவே கூடாது. சில வகை வலிப்பை வரவழைத்துப் பார்ப்பதற்காக மருத்துவர்களே இஇஜி என்ற மூளை மின் அலைப் பதிவு எடுக்கும்போது வேகமாக மூச்சு விடச் சொல்வதுண்டு. அது பக்கத்தில் மருத்துவர் இருக்கும்போது செய்வது.

மற்றபடி உங்களுக்குக் கிடைத்த நிம்மதியை நான் மறுக்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1500 மீட்டர் உயரத்துக்குப் போய், போனை அணைத்துவிட்டு, சில்வர் ஓக் மர நிழலில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து, ஒன்பது மணிக்குப் படுத்தால் யாருக்கும் மனசு லேசாகும். தியானம் மன அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்பதற்கும் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அதில் பினியலுக்குத் தனிப் பங்கு எதுவும் கண்டறியப்படவில்லை.

சூரியனைப் பார்க்கச் சொல்கிறார்கள். காலை வெயில்தான், ஒன்றும் செய்யாது என்கிறார்களே?

செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படியுங்கள்.

விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் கிடையாது. வெந்துகொண்டிருக்கும்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து, நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு மங்கல் புள்ளி நிற்கும். சூரியனின் உருவம் போய் விழுவது விழித்திரையின் மையக் குழியில்தான். படிப்பதற்கும் முகம் அறிவதற்கும் ஊசியில் நூல் கோப்பதற்கும் நாம் நம்பியிருக்கும் இடம் அது. எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் ஒரு வீடியோவைப் பார்த்து மொட்டை மாடியில் தினமும் சூரியனைப் பார்த்து நின்றார். முதல் நாள் சில விநாடி, அப்புறம் நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்களாம். மூன்றாவது வாரம் தறியில் அறுந்த இழை அவருக்குத் தெரியவில்லை. "ஓரக்கண்ணால பார்த்தா தெரியுது சார், நேரா பார்த்தா காணோம்" என்றார். கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பலருக்குச் சில மாதங்களில் பார்வை ஓரளவு திரும்பும். அவருக்கு ஒரு கண்ணில் அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது.

மலை மேல் போனால் ஆபத்து இன்னும் கொஞ்சம் கூடும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் அதிகம். பகோடா பாயின்ட்டில் நின்று விடியலைப் பாருங்கள். மலை, மேகம், பள்ளத்தாக்கில் விழும் ஒளி எல்லாவற்றையும் பாருங்கள். சூரிய வட்டத்தை உற்றுப் பார்க்க வேண்டாம். பினியலுக்கு வெளிச்சம் வேண்டுமென்றாலும், காலையில் வெளியில் நடந்தாலே கண் வழியாக வேண்டிய அளவு போய்விடுகிறது.

ஃபுளோரைடு பேஸ்ட், ஃபுளோரைடு தண்ணீர் பினியலைக் கல்லாக்கிவிடுமா?

இரண்டு பாதி உண்மைகளை ஒட்டிச் செய்த பயம் இது.

வயதாக ஆகப் பினியலில் சுண்ணாம்புத் துகள்கள் படிவது நிஜம். மூளை மணல் என்பார்கள். ஸ்கேன் வருவதற்கு முந்தைய காலத்தில் மருத்துவர்களுக்கு அது உதவியாகவே இருந்தது: சாதாரண எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைப் புள்ளி நடுவிலிருந்து விலகியிருந்தால் மூளைக்குள் கட்டியோ ரத்தக் கசிவோ தள்ளுகிறது என்று அறிந்துகொள்வார்கள். சுண்ணாம்பு எங்கே படிந்தாலும் ஃபுளோரைடு அதில் போய் ஒட்டும். எலும்பிலும் பல்லிலும் ஒட்டுவது போலத்தான். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வைத்தான் எல்லா வீடியோவும் காட்டுகிறது. அது 11 முதியவர்களின் சடலங்களில் செய்தது. சராசரி வயது 82. அவர்களின் பினியலில் ஃபுளோரைடு இருந்தது, சுண்ணாம்பு கூடிய இடத்தில் அதுவும் கூடியிருந்தது. ஃபுளோரைடுதான் சுண்ணாம்பைப் படிய வைத்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஞானம் அடைபட்டது என்பதை எந்த ஆய்வும் அளந்ததில்லை.

இந்தப் பயமே அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. அங்கே 1945 முதல் பல ஊர்களில் பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கிறார்கள். அதை எதிர்ப்பவர்கள் கிளப்பிய பேச்சு இது. நம் பக்கத்தில் கதையே தலைகீழ். இங்கே பாறையிலிருந்தே ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. அதை மக்கள் குடிக்காமல் இருக்கத்தான் அரசு பணம் செலவழிக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பான் கடனுதவியோடு போடப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்) தடுப்பு என்று இருக்கிறது. ஓமலூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் சிலர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். பல்லில் பழுப்புக் கறை. தேய்த்தால் போகாது. எங்கள் ஊர்ப் பக்கம் ஃபுளோரைடு செய்யும் கெடுதல் அது. இன்னும் அதிகமானால் முதுகும் மூட்டும் விறைத்துப்போகும்.

அதனால் ஃபுளோரைடைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால் போர்வெல் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5க்கு மேல் போகக்கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். பேஸ்ட்டை நிறுத்த வேண்டியதில்லை. மூன்று வயதுக்குக் கீழ் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

கஞ்சமலையில் காந்தக்கல் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் பினியல் தூண்டப்படும் என்கிறார்களே?

கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது இருப்பது உண்மை. உருக்காலை அந்த மலை அடிவாரத்தில் அமைந்திருப்பதும் தெரிந்ததுதான். ஆனால் அளவைப் பாருங்கள். நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. எம்ஆர்ஐ எந்திரத்தில் 1.5 டெஸ்லா, அதாவது முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். சேலத்தில் நாள் தவறாமல் பலர் அதற்குள் தலையை வைத்துப் படுத்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் கையில் ரிப்போர்ட்டோடு வெளியே வருகிறார்கள், வேறு எதுவும் திறந்து வருவதில்லை.

அமாவாசைக்கு சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும். நானும் போயிருக்கிறேன். அந்தப் பக்திக்கு டெஸ்லா கணக்கு தேவையில்லை.

சித்தர்கள் நெற்றிக்கண் என்று சொன்னதே பினியலைத்தானே?

புருவ நடுவில் மனதை நிறுத்துவது பற்றிச் சித்தர் மரபில் நிறைய இருக்கிறது. மூளைக்குள் இன்ன இடத்தில் உள்ள இந்தச் சுரப்பி என்று அவர்கள் சொல்லவில்லை. இரண்டையும் இணைத்தது நூற்று நாற்பது வருடத்துக்கு உட்பட்ட விஷயம். அதன் கதை தெரிந்தால் நீங்களும் ஆச்சரியப்படுவீர்கள்.

ஐரோப்பாவில் முதலில் இதற்கு மகிமை ஏற்றியவர் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட். மூளையில் மற்ற எல்லாம் இரண்டிரண்டாக இருக்கின்றன, இது மட்டும் ஒற்றை, ஆகவே ஆன்மா வேலை செய்யும் இடம் இதுதான் என்று 1649இல் எழுதினார். மூளையை அறுத்துப் பார்த்த உடற்கூறியலாளர் ஸ்டெனோ இருபது வருடத்துக்குள் அவர் சொன்ன அமைப்பு பொருந்தவில்லை என்று காட்டிவிட்டார்.

அப்புறம் 1886. பல்லியினங்களின் உச்சந்தலையில் பினியலோடு தொடர்புடைய ஒரு மூன்றாவது கண் இருப்பதை டி கிராஃப், பால்ட்வின் ஸ்பென்சர் என்ற இருவர் தனித்தனியே வெளியிட்டார்கள். பெரிய பரபரப்பு. இரண்டே வருடத்தில், 1888இல், பிரம்மஞான சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையார் தம் பெரிய நூலில் அந்தச் செய்தியை எடுத்து, பழங்கால மனிதனுக்கு இருந்த ஞானக்கண் சுருங்கித்தான் பினியல் ஆனது, சிவனின் கண் அதுவே என்று எழுதினார். அந்தச் சபையின் தலைமையகம் 1882இலிருந்து சென்னை அடையாற்றில். ஆக, அன்றைய புத்தம்புது விலங்கியல் செய்தி ஒன்று நம் புராணத்தோடு ஒட்டப்பட்டு, மேல்நாடு சுற்றி, இன்று "நம் முன்னோர் அன்றே சொன்னது" என்று போனில் நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. நெற்றிக்கண்ணை வணங்குகிறவரிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அதற்கு உயிரியல் சான்றிதழ் கொடுத்து விற்கிறவரிடம்தான் சண்டை.

பினியல் டிஎம்டி என்ற பொருளைச் சுரந்து தெய்வக் காட்சி தருகிறதாமே?

டிஎம்டி மாயக்காட்சி தரும் பொருள்தான். 1990களில் அமெரிக்க மருத்துவர் ஸ்ட்ராஸ்மன் அதைத் தன்னார்வலர்களுக்கு ஊசி வழியாகச் செலுத்தி ஆராய்ந்தார். பினியலே அதைச் சுரக்கலாம் என்பது அவருடைய யூகம். 2013இல் எலியின் பினியலில் மிகச் சிறு அளவில் அது இருப்பது தெரிந்தது. ஆனால் 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், பினியலை அகற்றிய எலிகளின் மூளையிலும் அதே அளவில் டிஎம்டி இருந்தது. அளவும் ஒத்துவரவில்லை. மனிதப் பினியல் ஒரு நாள் முழுக்கச் சுரக்கும் மெலடோனினே சுமார் 30 மைக்ரோகிராம். காட்சி வர டிஎம்டி சுமார் 25 மில்லிகிராம், அதுவும் சில நிமிடத்துக்குள் வேண்டும். எண்ணூறு மடங்கு.

பினியலை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

கட்டி வந்து பினியலோடு சேர்த்து அகற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குத் தூக்கம் கெடும். கனவு வருகிறது, அழுகை வருகிறது, பிரார்த்தனையும் செய்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நெற்றியில் வலி வந்தால் கண் திறக்கிறது என்று அர்த்தம்" என்று சில வகுப்புகளில் சொல்கிறார்களாம். வாரக்கணக்கில் தலைவலி, காலையில் வாந்தி, கண்ணை மேலே உயர்த்திப் பார்க்க முடியாமை, ஒன்பது வயதுக்குள் ஆண் பிள்ளைக்குப் பருவ அறிகுறி, இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போங்கள். அந்தச் சுரப்பியில் கட்டி வளரும்போது இவை வரலாம். அரிதுதான். ஆனாலும் காத்திருக்கக் கூடாதது.

வகுப்பில் சர்க்கரை நோய் குணமாகும், பார்வை திரும்பும் என்றும் நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். புகார் செய்யலாமா?

செய்யலாம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடை செய்கிறது. சர்க்கரை நோய், குருட்டுத்தன்மை, வலிப்பு எல்லாம் அதன் பட்டியலில் உள்ளவை. நோட்டீஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ரசீதையும்தான்.

அப்படியென்றால் பினியலுக்கு நாம் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா?

இருக்கிறது, காசும் ஆகாது. இரவில் விளக்கைக் குறையுங்கள். பிள்ளைகள் படுக்கையில் போன் பார்ப்பதை நிறுத்துங்கள். முகத்துக்கு நேரே பிடித்த வெளிச்சம் மெலடோனினைத் தள்ளிப்போடும். காலையில் எழுந்ததும் வெளியே வாருங்கள்.

நிஜமாகவே மூன்றாவது கண் உள்ள உயிரை நாங்கள் பார்க்க முடியுமா? பையன் கேட்கிறான்.

அழைத்துப் போய்க் காட்டுங்கள். வேலியில் உட்கார்ந்து தலையாட்டும் ஓணான் போதும். வீட்டுப் பல்லிக்கு அது கிடையாது. கல்லெறியாமல், பிடிக்காமல், மேலிருந்து உச்சந்தலைச் செதில்களைப் பாருங்கள்; தெளிவாகப் பார்க்க போன் கேமராவில் பெரிதாக்கிக்கொள்ளலாம். நடுவில் ஒரு சிறு புள்ளி. அதற்குள் லென்ஸும் உண்டு, விழித்திரையும் உண்டு. எழுத்துப் படிக்காது, வெயில் எவ்வளவு, நாள் எவ்வளவு நீளம் என்று அளந்து சொல்லும். ஏற்காட்டுக் காபித் தோட்ட வேலிகளில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் காய வந்திருக்கும். உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் நில்லுங்கள், விழுந்தால் ஓடிவிடும்.